வாத்து ஏன் சாகவில்லை? பறவைக் காய்ச்சலின் 150 ஆண்டுக் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

குளிர்காலம் வந்தால் எங்காவது பறவைக் காய்ச்சல் என்று செய்தி வருகிறது. உடனே நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான தகவல்கள் சுற்றத் தொடங்கும். ஒன்று, "வெளிநாட்டுப் பறவைகள்தான் நோயைக் கொண்டுவருகின்றன, ஏரிக்கரையில் வெடி போட்டு விரட்டுங்கள்" என்பது. இன்னொன்று, "வாத்தெல்லாம் நன்றாகத்தான் மேய்கிறது, ஒன்றுகூடச் சாகவில்லை, நோயாவது ஒன்றாவது" என்பது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள ஒரு கேள்விக்கு விடை வேண்டும். கோழியை இரண்டு மூன்று நாளில் கொல்கிற வைரஸ் வாத்தின் உடம்பில் புகுந்தால், பல நேரங்களில் வாத்து ஒன்றுமே நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருக்கிறது. ஏன்? இதற்கு விடை தேட மனிதர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

1878-இல் வட இத்தாலியில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எதுவார்தோ பெரோன்சித்தோ என்ற கால்நடை அறிஞர் அதை ஆராய்ந்து எழுதி வைத்தார். கோழிக் கொள்ளைநோய் என்று பெயர் வந்தது. (நம் ஊரில் கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் வேறு வைரஸால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1901-இல் இத்தாலியில் இன்னொரு சோதனை நடந்தது. செத்த கோழியின் சாற்றைப் பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடிந்த தெளிநீரைக் கொடுத்தாலும் கோழி செத்தது. பாக்டீரியாவைவிட மிகச் சிறிய ஏதோ ஒன்று காரணம் என்று தெரிந்தது. வைரஸ் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் பொருளுக்கு அன்று உருவமும் கிடையாது, சரியான விளக்கமும் கிடையாது.

மனிதனின் இன்ஃபுளுயன்சா வைரஸை 1933-இல் லண்டனில் பிரித்தெடுத்தார்கள். இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஜெர்மனியில் வெர்னர் ஷேஃபர் என்பவர்தான் 1955-இல், கோழிக் கொள்ளைநோயின் வைரஸும் இன்ஃபுளுயன்சா ஏ வகையைச் சேர்ந்ததே என்று காட்டினார். இரண்டு ஊரில் இரண்டு பெயரோடு திரிந்தவர்கள் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்று தெரிந்த மாதிரி.

அப்போதும் வாத்து இந்தக் கதைக்குள் வரவில்லை. சாகாத பறவையை யார் சோதிப்பார்கள்? வகுப்பில் தொந்தரவு செய்யாத பிள்ளையை ஆசிரியர் கவனிக்காமல் விடுவதுபோல, வாத்தையும் விட்டுவிட்டார்கள்.

1961-இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலா என்னும் கடற்பறவைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்துக் கிடந்தன. அவற்றில் இன்ஃபுளுயன்சா வைரஸ் கிடைத்தது. காட்டுப் பறவையில் இந்த வைரஸ் கண்டெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதே 1960-களில் ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் நடந்துபோகும்போது கரையில் ஒதுங்கிய செத்த கடற்பறவைகளைப் பார்த்தார்கள். இவை ஃபுளூவில் செத்திருக்குமோ என்று பேசிக்கொண்டார்கள். கடற்கரையில் செத்த பறவையைப் பார்ப்பது யாருக்கும் புதிதல்ல. பார்த்ததைக் கேள்வியாக்கியதுதான் புதிது. பிறகு பெரும் பவளத்திட்டுத் தீவுகளுக்குப் போய், உயிரோடு இருந்த பறவைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஃபுளூவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அதில் இருந்தன. நோய் வந்து போன தடம் அது. 1970-களின் தொடக்கத்தில் வைரஸும் கிடைத்தது. பறவைகள் நலமாகத்தான் இருந்தன.

1974-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பறந்து திரியும் காட்டு வாத்துகளிடம் இந்த வைரஸ் இருப்பதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. 1978-இல் வெப்ஸ்டர் குழு முக்கியமான ஒன்றைச் சொன்னது. மனிதனுக்கு ஃபுளூ என்றால் மூக்கும் தொண்டையும் நெஞ்சும்தான். வாத்துக்கோ அது குடலில் பெருகுகிறது, எச்சத்தில் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. குளத்து நீரில் கலக்கிறது. அந்த நீரைக் குடிக்கும் அடுத்த வாத்துக்குப் போகிறது. ஆற்று நீரில் 22 டிகிரி வெப்பத்தில் 4 நாளும், உறைநிலைக்கு அருகில் 30 நாளுக்கு மேலும் அந்த வைரஸ் வீரியத்தோடு இருந்தது. குளிர்நாட்டு ஏரிகள் வைரஸுக்குக் குளிர்பதனப் பெட்டி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கனடாவின் ஏரிகளில் ஆண்டுதோறும் வாத்துகளைப் பிடித்துச் சோதித்தார்கள். கோடை முடிவில், தெற்கே கிளம்புவதற்கு முன், அந்த ஆண்டு பொரித்த இளம் வாத்துகளிடம்தான் வைரஸ் அதிகம் இருந்தது. பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பதை எண்ணிப் பாருங்கள், உடனே புரியும். வைரஸின் மேற்புறத்தில் இருக்கும் இரண்டு புரதங்களை வைத்துத்தான் எச்5என்1 என்றெல்லாம் பெயரிடுகிறார்கள். 16 வகை எச், 9 வகை என் என எல்லாமே நீர்ப்பறவைகளிடம் இருந்தன. 1957-லும் 1968-லும் உலகத்தையே ஆட்டிய மனித ஃபுளூ வைரஸ்களின் சில மரபணுக்களும் பறவைகளிடமிருந்து வந்தவைதான். அந்தக் குடும்பத்தின் பூர்வீக வீடு நீர்ப்பறவையின் குடல் என்று தெரிந்தது.

சரி, வாத்து எப்படித் தாங்குகிறது?

இதற்கான முதல் சாவி, வேடிக்கையாக, கோழி முட்டையிலிருந்துதான் கிடைத்தது. 1957-இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் என்ற இருவரும், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழிக் கருமுட்டையின் சவ்வில் இட்டார்கள். பிறகு உயிருள்ள வைரஸை இட்டபோது அது வளரவில்லை. செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குறுக்கே நின்றன. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்குள் திருடன் புகுந்தால் ஒருவர் போடும் கூச்சலில் தெருவே கதவைத் தாழிட்டுக்கொள்கிறதே, அந்தக் கூச்சல்தான் இன்டர்ஃபெரான்.

ஆனால் திருடனை முதலில் பார்ப்பது யார்? அந்தக் காவல்காரனைக் கண்டுபிடிக்க இன்னும் 47 ஆண்டுகள் ஆயின. 2004-இல் ஜப்பானில் தகாஷி ஃபுஜிதா குழுவினர், செல்லுக்குள் இருக்கும் ரிக்-ஐ என்ற புரதம்தான் வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரானுக்குக் குரல் கொடுக்கிறது என்று காட்டினார்கள்.

2010-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் மேகர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், வெப்ஸ்டரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாத்திடம் ரிக்-ஐ இருக்கிறது. கோழியிடம் அந்த மரபணுவையே காணோம்! பரிணாமப் பாதையில் எங்கோ கோழி இனம் அதைத் தொலைத்துவிட்டது. கொடிய எச்5என்1 வைரஸை வாத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே ரிக்-ஐ-இன் அளவு 200 மடங்குக்கு மேல் எகிறியது. அடுத்து, வாத்தின் ரிக்-ஐ மரபணுவைக் கோழிச் செல்லுக்குள் வைத்தார்கள். அந்தச் செல்கள் இன்டர்ஃபெரான் சுரந்தன, வைரஸின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு சந்தேகத்தை இதைவிடத் தெளிவாகச் சோதிக்க முடியுமா?

கோழி முற்றிலும் காவல் இல்லாத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அதனிடம் வேறு காவல்காரர்கள் இருக்கிறார்கள். கொடிய வைரஸ் வந்தால் அவர்களால் சமாளிக்க முடிவதில்லை. வைரஸ் உடம்பெங்கும் பரவிய பிறகு, எதிர்ப்புச் சக்தி தாமதமாகவும் கண்மண் தெரியாமலும் சீறுகிறது. அந்தச் சீற்றமே நுரையீரலையும் இரத்தக் குழாயையும் சேதப்படுத்துகிறது. வாத்து சீக்கிரமாகக் குரல் கொடுக்கிறது, வேலை முடிந்ததும் அடங்கிவிடுகிறது. லேசான வகை வைரஸ் குடலில் பெருகும்போதோ அது பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் செய்வதில்லை. குடலும் பெரிதாகப் புண்படுவதில்லை. அடிக்கிற வேகத்தைப் போலவே, எங்கே அடிக்காமல் விடுவது என்று தெரிவதும் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி.

இது முதல் வரிசை. அடுத்த வரிசை எதிர்ப்பொருள்கள். இதிலும் பறவைகளிடமிருந்து நாம் கற்றது ஏராளம். பறவையின் வால் பக்கத்தில் ஒரு சிறு பை உண்டு. 1600 வாக்கில் இத்தாலியின் பாதுவாவில் பாடம் நடத்திய ஃபாப்ரீசியஸ் அதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியின் ஆசிரியர் அவர். அந்தப் பை எதற்கு என்று மூன்று நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஓஹியோவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் கோழிகளின் அந்தப் பையை அறுத்தெடுத்து வளர்த்துப் பார்த்தார். திமோத்தி சாங் என்ற நண்பர், எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பில் செய்து காட்ட அந்தக் கோழிகளை வாங்கிப் போனார். செய்முறை தோல்வி, எதிர்ப்பொருள் உருவாகவே இல்லை! அந்தத் தோல்வியிலிருந்துதான் அந்தப் பையின் வேலை தெரிந்தது. கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று திருப்பி அனுப்ப, 1956-இல் கோழி வளர்ப்பு இதழ் ஒன்றில் வெளியானது. இன்று மருத்துவப் புத்தகங்களில் படிக்கும் பி செல்லின் 'பி' அந்தப் பையின் பெயரிலிருந்து வந்தது. செய்முறை வகுப்பில் சோதனை சரியாக வராவிட்டால் முகம் வாடும் என் மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வாத்தின் எதிர்ப்பொருளில் ஒரு விசித்திரம் உண்டு. ஆங்கில ஒய் எழுத்து போன்ற முழு வடிவத்தோடு, வால் இல்லாத குட்டை வடிவத்தையும் வாத்து உண்டாக்குகிறது. எதிரியைப் பற்றுவது மேல் கைகள், மற்ற செல்களைக் கூப்பிடுவது வால். குட்டை வடிவத்தால் பற்ற முடியும், கூப்பிட முடியாது. கோழிக்கென்று உருவாக்கிய சில இரத்தப் பரிசோதனைகள் வாத்திடம் சரியாகப் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் வாத்துக்கு நோயின் நினைவு கிடையாதா? உண்டு. சுவீடனில் ஓலாண்ட் தீவின் ஓட்டென்பி பறவை ஆய்வு நிலையத்தில் 2002 முதல் மல்லார்டு காட்டு வாத்துகளைக் கூண்டில் பிடித்து, வளையமிட்டு, சோதித்து, விடுகிறார்கள். அதே வாத்து திரும்ப மாட்டும்போது மறுபடி சோதிக்கிறார்கள். ஒரு வகை வைரஸ் வந்துபோன வாத்துக்கு அதே வகையோ அதற்கு நெருங்கிய உறவுள்ள வகையோ மறுபடி வருவது குறைவு, தூரத்து வகை வரலாம் என்று 2013-இல் எழுதினார்கள். ஒரே ஏரியில் இத்தனை வகை வைரஸ்கள் மாறி மாறி வாழ்வதற்கு இது ஒரு விளக்கம். வாத்தும் வைரஸும் நெடுங்காலமாகப் பழகி வந்த ஒரு சமரசம் இது.

அந்தச் சமரசத்தைக் குலைத்தது யார்? இங்கேதான் மனிதர்களாகிய நாம் வருகிறோம்.

வாத்தின் குடலில் இருக்கும் லேசான வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் எச் புரதத்தை ஒரு நொதி வெட்டித் தர வேண்டும். அந்த நொதி குடலிலும் மூச்சுப் பாதையிலும்தான் உண்டு. ஆகவே வைரஸும் அங்கேயே நிற்கும். ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்த பண்ணைக்குள் எச்5 அல்லது எச்7 வகை புகுந்து, கோழிக்குக் கோழி தாவித் தாவிப் பெருகும்போது, அந்த வெட்டுமிடம் மாறிவிடலாம். மாறினால் உடம்பின் எந்த உறுப்பிலும் இருக்கும் நொதியே அதை வெட்டிவிடும். பிறகு மூளை, இதயம், ஈரல் எல்லாமே அதற்குத் திறந்த வீடுதான்.

1996-இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் ஒரு பண்ணை வாத்தினத்தில் அப்படிப்பட்ட எச்5என்1 கிடைத்தது. 1997-இல் ஹாங்காங்கில் 18 மனிதர்களுக்கு அது தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். முதலில் இறந்தது மூன்று வயதுக் குழந்தை. அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளையும் பிற பறவைகளையும் கொன்று அந்த முறை அடக்கினார்கள். ஆனால் மூல வைரஸ் அழியவில்லை. 2002 இறுதியில் ஹாங்காங் பூங்காக்களில் நீர்ப்பறவைகளே சாகத் தொடங்கின. அந்த வைரஸ் வாத்துகளையே கொல்லும் என்று ஆய்வகத்திலும் உறுதியானது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் 6,000-க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் மடிந்தன. அதிகம் செத்தது வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வந்து நம் திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளத்தில் குளிர்காலம் கழிக்கிறதே, அதே இனம்தான்.

காட்டிலிருந்து பண்ணைக்கு வந்த லேசான வைரஸ், பண்ணையில் கொடியதாகி, மறுபடி காட்டுக்கே போனது. 2021-22 குளிர்காலத்தில் பிரிட்டனின் சால்வே கழிமுகத்தில் தங்கிய ஸ்வால்பார்டு பார்னக்கிள் வாத்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிற்று. "நோய் கொண்டுவரும் பறவை" என்று நாம் விரல் நீட்டும் பறவையே இதில் பலியும் ஆகிறது.

எல்லா வாத்தும் ஒன்றுபோல் சாவதும் இல்லை. நெதர்லாந்தில் பலவகைக் காட்டு வாத்துகளுக்கு எச்5என்1 கொடுத்துப் பார்த்தபோது, முங்கி இரை தேடும் சில வகைகள் நோயில் விழுந்தன. மல்லார்டோ நோய்க்குறி எதுவும் இல்லாமல் வைரஸை வெளியேற்றியது. நாம் வளர்க்கும் நாட்டு வாத்துகளின் மூதாதை இந்த மல்லார்டுதான். தாய்லாந்தில் 2004-இல் நோய் பரவிய இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சலுக்கு விடப்பட்ட வாத்துகள் இருந்த பகுதிகளோடு அவை பெரிதும் பொருந்தின. வயலுக்கு வயல் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் அதே முறை நம் ஊரிலும் உண்டு. அப்படி மேய்ப்பவர்கள் ஏழைகள். அவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. "வாத்து சாகவில்லை" என்பதை "வைரஸ் இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வாத்தின் திடமான எதிர்ப்புச் சக்தி வாத்தைத்தான் காக்கும். பக்கத்து வீட்டுக் கோழியைக் காக்காது.

வாத்து சாகாது என்று உறுதி சொல்லவும் முடியாது. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் முதலில் நோய் வந்தது. 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் எச்5என்1 தாக்கியபோது வாத்துகளே கும்பல் கும்பலாகச் செத்தன. 2021 ஜனவரியில் எச்5என்8 வந்தபோதும் அப்படியே. மிஞ்சிய வாத்துகளையும் கொன்று எரித்தார்கள். ஒரு நாளில் மொத்தப் பிழைப்பையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. வாளையாற்றில் வண்டிகளை நிறுத்தி மருந்து தெளித்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

உலகெங்கும் 2003 முதல் எச்5என்1 தொற்றியதாக உறுதியான மனிதர்கள் 900-க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். மனிதருக்கு மனிதர் எளிதில் பரவாததால்தான் எண்ணிக்கை இவ்வளவோடு நிற்கிறது. 2024-இல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடமும் இந்த வைரஸ் காணப்பட்டது. பிரான்ஸ் 2023 அக்டோபர் முதல் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. கதை இன்னும் முடியவில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஏரிக்கு வரும் பறவைகளை வெடி போட்டு விரட்டாதீர்கள். ஒருவேளை அவற்றிடம் வைரஸ் இருந்தால், விரட்டினால் பத்து ஏரிக்கு அது பரவும். வாத்தையும் கோழியையும் ஒரே கொட்டிலில், ஒரே தண்ணீர்த் தொட்டியில் விடாதீர்கள். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மறைத்தால் நஷ்டம் ஊர் முழுவதற்கும். நன்றாக வெந்த முட்டையையும் கறியையும் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

உங்களில் கால்நடை மருத்துவர்களும் ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். இதில் சேர்க்க வேண்டியது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். வாத்து, கோழி வளர்க்கும் உறவினர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்